மைதீன் மாமாவின் கார் மலையேறாத கதை

தம்பிகளா, இப்போது தேனிப் பக்கம் ஒர்க்‌ஷாப் வேலைக்கு வர ஆரம்பித்திருக்கும் தங்கச்சிகளா, என் கோபத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்பட்டது கொஞ்சம்தான். சைலன்சர் வேலையில் முப்பத்து நாலு வருடம் இருந்தேன். அதில் ஒரு இருபது வருடமாவது யாரையாவது திட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன். இப்போது வீட்டில் திட்ட ஆளில்லாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களிடம் ஒரு பெட்டி இருக்கிறது. வண்டியில் செருகினால் கோளாறு என்னவென்று நம்பர் போட்டுக் காட்டுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அது முன்பே கிடைத்திருந்தால் என் முதுகு இன்னும் கொஞ்சம் நேராக இருந்திருக்கும். ஆனால் ஒரு கோளாறை அந்தப் பெட்டியும் காட்டாது, என் காதுக்கும் அது பிடிபடவில்லை. மூன்று மாதம் நான் முட்டாளாக நின்ற கதை அது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

கம்பத்திலிருந்து கம்பமெட்டுக்கு ஏறுகிற சாலையில் என் கடை. மலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர்களின் ஜீப்புகள்தான் எனக்குச் சோறு போட்டன. கல்லில் மோதி மோதி அடியில் இருக்கும் பைப் கிழிந்து வரும். எஞ்சினை முறுக்கச் சொல்லிவிட்டுப் பத்தடி தள்ளி நிற்பேன். கண்ணை மூடிக் கேட்பேன். எந்த இடத்தில் கசிகிறது என்று கையை நீட்டிச் சொல்வேன். தப்பாது. சுற்றி நிற்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். அதில் எனக்குத் திமிர் நிறையவே இருந்தது.

இன்னொரு பிடிவாதமும் இருந்தது. வேலை முடிந்து ட்ரையல் போகும்போது ஸ்டியரிங்கில் நான்தான் உட்காருவேன், வண்டிக்காரர் இடது பக்கம். தன் வண்டியைத் தானே ஓட்டிப் பார்க்கிறவர் மனதில் ஏற்கெனவே ஒரு தீர்ப்பை எழுதி வைத்திருப்பார், அதை நம்ப முடியாது என்பது என் எண்ணம். எங்கள் பக்கத்தில் அநேகமாக எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். நீங்களும் இன்றைக்கு அப்படித்தான் செய்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வைகாசி மாதம். காதர் மைதீன் ராவுத்தர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கம்பம் கடைவீதியில் சின்னதாக ஏலக்காய்க் கடை வைத்திருந்தவர். கம்பமெட்டுக்கு மேலே இரண்டு ஏக்கர் தோட்டமும் உண்டு. எங்கள் ஊரில் ராவுத்தர் வீட்டு ஆட்களும் நாங்களும் மாமன் மச்சான் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வது பழக்கம். அதனால் எனக்கு அவர் மைதீன் மாமா, அவர் மனைவி ஜெய்னம்பு அத்தை. மாமாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது இருக்கும். வாரத்தில் மூன்று நாள் இருவரும் அந்த எண்ணூறு சி.சி. சின்னக் காரில் மலைக்குப் போவார்கள். தோட்டத்தில் ஆட்களுக்கு வேலை சொல்வது, எந்தச் செடியில் என்றைக்குக் காய் எடுக்கலாம் என்று பார்ப்பது எல்லாம் அத்தை. மாமாவுக்கு ஓட்டுகிற வேலை மட்டும்தான். நான் அவளுக்கு டிரைவர் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

"மாப்ள, இதுக்குச் சத்தம் பத்தல. கனமா, கெத்தா கேக்கணும். பெரிய பைப்பாப் போட்டு விடு" என்றார்.

என்ன மாமா, இந்த வயசில் மைனர் ஆகப் போறீகளா என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார்.

அந்தச் சின்ன எஞ்சினுக்குப் பெரிய பைப் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன். போடியிலிருந்து ஒருத்தன் தன் காருக்கு என்று ஆசை ஆசையாகச் சொல்லி, நான் என் கையால் செய்து வைத்த உள்ளே தடுப்பே இல்லாத ஒரு நேர்ப்பாதை சைலன்சர் ஆறு மாதமாகக் கடை மூலையில் கிடந்தது. சொன்னவன் வரவேயில்லை. அதை மாட்டி ஓட்டினால் எப்படிக் கேட்கும் என்று எனக்கு ஆசை. ஒன்றே கால் அங்குலப் பைப்பைக் கழற்றிவிட்டு இரண்டு அங்குலப் பைப் வைத்தேன். சத்தத்தை அடக்க நடுவில் இருந்த பெட்டியை எடுத்துவிட்டேன். வாலில் என் சைலன்சரை மாட்டினேன்.

மாமா உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். கடையில் தொங்கிய ஸ்பேனர்கள் எல்லாம் ஆடின. அவர் ஒரு கையைக் கதவில் வைத்துக்கொண்டு மெல்ல ஆக்சிலேட்டரை அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. புகை பட்டுவிட்டது போல என்று நினைத்தேன்.

பத்து நாளில் கார் திரும்பி வந்தது. இருவரும் வந்திருந்தார்கள். மாமா இறங்கி, சத்தம் இன்னும் கொஞ்சம் வேண்டும், மேட்டில் இழுவையும் இல்லை என்றார். அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே, இன்னும் சத்தமா, எனக்கு மண்டை உடைகிறது, வீட்டுக்குப் போன பிறகும் காதில் வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது என்றார்கள்.

ஒரே காரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த இருவர். ஒருவருக்குச் சத்தம் பத்தவில்லை, இன்னொருவருக்கு மண்டை உடைகிறது. அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று சிரித்துவிட்டுக் காருக்கு அடியில் நுழைந்தேன். எஞ்சினோடு பைப் சேருகிற இடத்தில் பேக்கிங் கருகிக் காற்றுக் கசிந்துகொண்டிருந்தது. மாற்றினேன். சுருளிப்பட்டி ரோட்டில் திராட்சைத் தோட்டம் வரை ஒரு ட்ரையல், நான் ஓட்ட, மாமா இடது பக்கம். சமதரையில் நன்றாகவே ஓடியது. அனுப்பி வைத்தேன்.

ஆனி பிறந்ததும் மறுபடி வந்தார். அதே பேச்சு. இந்த முறை அவரை இடது பக்கம் உட்காரவைத்து நானே காரை மலைக்கு எடுத்துப் போனேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் அந்தக் கார் என்னிடம் கெஞ்சியது. மிதித்தால் முழங்குகிறது, நகர மாட்டேன் என்கிறது. தோட்டத்தில் ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அமுக்கினால் தண்ணீர் எட்டிப் பாயும், விரலை எடுத்தால் காலடியிலேயே கொட்டும். புகையும் அப்படித்தான். சின்ன எஞ்சினிலிருந்து வருகிற புகைக்கு ஒடுக்கமான வழி இருந்தால் வேகமாக ஓடும், பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். நான் அகலமாகத் திறந்துவிட்டு அதைச் சோம்பேறியாக்கியிருந்தேன்.

தப்பு என்னுடையது மாமா என்று அங்கேயே ஒத்துக்கொண்டேன். என்னிடம் ஆயிரம் குறை உண்டு, செய்த தப்பை வண்டியின் தலையில் கட்டுகிற குறை மட்டும் கிடையாது. கடைக்கு வந்து பழைய அளவில் பைப் வளைத்தேன். நடுப் பெட்டியைத் திரும்ப வைத்தேன். வாலுக்கும் கம்பெனி சைலன்சர் மாதிரியே ஒன்றை மாட்டினேன். மறுநாள் மலை ட்ரையல். முனகாமல் ஏறியது. உச்சியில் நிறுத்தி, எப்படி மாமா என்று கேட்டேன். நல்லாருக்கு என்றார். ஆனால் அவர் முகம் விழுந்துபோயிருந்தது. நான் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிற ஒரு நாள். கடையில் மூன்று ஜீப்புகள் காத்திருந்தன. டிரைவர்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். நான் ஒரு ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன், கண்ணில் துரு. என் கால்மாட்டில் மாமாவின் செருப்பு வந்து நின்றது. சத்தமே வரல மாப்ள, மேட்டுல இழுக்கவும் மாட்டேங்குது என்றார். என் கையால் சரி செய்து, என் கையால் மலையேற்றிக் காட்டிய காரைப் பற்றிச் சொல்கிறார். எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. அடியில் கிடந்தபடியே கத்தினேன்:

"வண்டில ஒரு கோளாறும் இல்ல மாமா. கோளாறு ஒங்க மண்டைலதான் இருக்கு. இனிமே வேற கடையப் பாத்துக்கங்க."

டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "சரி மாப்ள, நீ சொன்னாச் சரிதான். நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த மனுஷனுக்கு ரோஷமே கிடையாதா என்று அன்றைக்குப் பூராவும் பொருமிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாள் அத்தை மட்டும் வந்தார்கள், ஆட்டோவில். கடைக்குள் அவர்கள் இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை, நின்றபடியே சொன்னார்கள்.

புதன்கிழமை மலையேறும்போது ஒரு வளைவில் மேலேயிருந்து பஸ் இறங்கியிருக்கிறது. பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், அடிக்கிறான், இவர் காரை நடுரோட்டிலேயே கொண்டு போயிருக்கிறார். அத்தை கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் ஒதுங்கினாராம். ஒரு சாண் இடைவெளியில் பஸ் போயிருக்கிறது. என்ன ஆச்சு உங்களுக்கு என்று அத்தை கேட்டதற்குப் பதிலே இல்லை. வண்டில சத்தமே வரல என்று மட்டும் சொன்னாராம். நான் பக்கத்துலதான் இருக்கேன், எனக்குக் கேக்குது, இவுகளுக்கு மட்டும் எப்படிக் கேக்காமப் போகும் என்றார்கள் அத்தை.

அப்புறம் கடை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். நான் கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு நின்றேன்.

"எங்கிட்ட முகங்குடுத்துப் பேசி ரெண்டு வருசமாச்சு தம்பி. நான் என்ன கேட்டாலும் பதில் இல்ல. மகள கொல்லத்துல குடுக்கணும்னு பிடிவாதம் பிடிச்சது நானு. அம்புட்டுத் தூரமான்னு அவுக அப்பவே சொன்னாக. அந்தக் கோவம் இன்னும் மனசுல கெடக்கு போல. வீட்டுலதான் இப்படின்னா, மலை ரோட்டுலயும் எம்மேல உள்ள கோவத்துல ஓட்டுறாகளோன்னு பயமா இருக்கு."

இதைச் சொல்லிவிட்டு அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். நாளைக்குக் கட்டாயம் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். என்ன பார்ப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. காரில் பார்க்க இனி எதுவும் இல்லை. பார்க்காதது ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. மாமா ஓட்டி நான் பார்த்ததில்லை.

மறுநாள் மாமாவின் கடைக்கே போனேன். ட்ரையல் போகலாம் என்று சொல்லி, சாவியை வாங்காமல் இடது பக்கக் கதவைத் திறந்து நானே உட்கார்ந்தேன். மாமா கொஞ்சம் திகைத்தார். பிறகு ஓட்டினார்.

ஊருக்குள் நன்றாகத்தான் ஓட்டினார். கண்ணாடியைப் பார்த்தார், நிதானமாகப் போனார். மேடு ஆரம்பித்தது. மூன்றாவது கியர். எஞ்சின் திணற ஆரம்பித்தது. கியரை இறக்கச் சொல்லி அது கதறுகிறது. எனக்குப் பல் கூசியது. மாமாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வண்டி மெதுவானது தெரிந்ததும் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினார். அதே மூன்றாவது கியர். இப்படி ஓட்டினால் எந்த வண்டி இழுக்கும்? கியர் மாமா, கியர் என்றேன். திரும்பவில்லை. நேற்று அத்தை கடைக்கு வந்தாக என்றேன். அதற்கும் திரும்பவில்லை.

பின்னாலிருந்து ஒரு ஜீப் ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. மாமா அசையவில்லை. வளைவு முடிந்ததும் அந்த ஜீப் எங்களை உரசுகிற மாதிரி முந்தியது. கேரளத்து டிரைவர், தலையை வெளியே நீட்டிக் கத்தினான்: "எந்தா சேட்டா, செவி கேக்கில்லே?"

ரோட்டில் எல்லாரும் எல்லாரையும் திட்டுகிற திட்டுத்தான். நானே ஆயிரம் பேரைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அது என் நெஞ்சில் வந்து குத்தியது. ஸ்டியரிங்கில் கையை வைத்து, ஓரமாக என்று சைகை காட்டினேன். தடுப்புச் சுவர் ஓரமாக நிறுத்தினார். கீழே வயலும் தென்னையுமாகக் கம்பம் முழுசாகத் தெரிந்தது. நான் இறங்கிச் சுற்றிப் போய் அவர் பக்கக் கதவைத் திறந்து, அவர் முகத்துக்கு நேராக நின்றேன்.

"எப்பருந்து மாமா?"

அவர் என் வாயையே பார்த்தார். நான் காதைத் தொட்டுக் காட்டினேன். மாமா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு வருடம் ஆகப்போகிறது என்றார். இடது காதுதான் முதலில் போனதாம். காரில் அத்தை உட்காருகிற பக்கத்துக் காது. பிறகு வலது காதும் மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. தன் கடைக்கு வருகிறவர்களின் வாயைப் பார்த்துச் சமாளித்திருக்கிறார். ஓட்டும்போது யார் வாயைப் பார்ப்பது? எஞ்சின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதே சில நேரம் தெரியாதாம். அதனால்தான் பெரிய பைப் கேட்டிருக்கிறார்.

"நீ அதப் போட்ட அன்னைக்கு எஞ்சின் ஓடுறது எனக்குத் தெரிஞ்சுச்சு மாப்ள. நெஞ்சுல வந்து முட்டுச்சு. எப்ப கியர் மாத்தணும்னு அது சொல்லுச்சு. பெறகு அதையும் நீ கழட்டிட்ட."

குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். புகை பட்டுக் கண் கலங்கியது என்று நினைத்தேனே, அந்த நாளை நினைத்துக்கொண்டேன். காதாலேயே கோளாறு கண்டுபிடிக்கிறவன் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவன், மூன்று மாதமாக எதிரில் நிற்கிற மனுஷனின் காதைக் கண்டுபிடிக்கவில்லை.

அத்தையிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இரண்டு தடவை வாயசைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"செவிடன்னு தெரிஞ்சா பேசுறத விட்டுருவா மாப்ள. செவிடன்ட்ட யாரு பேசுவா? இப்ப அவ பாட்டுக்குப் பேசிக்கிட்டு வாரா. என்ன பேசுறான்னு எனக்குத் தெரியாது. ஆனா பேசிக்கிட்டு வாராள்ல."

அவளிடம் சொல்லிவிடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐம்பத்தாறு வயது மனுஷன், என் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அத்தை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அவரிடம் சொல்லியாக வேண்டும். எத்தனை தடவை சொல்லியும் என் வாயிலிருந்து அது அவருக்குப் புரியவில்லை. கடைசியில் பானெட்டில் படிந்திருந்த தூசியில் விரலால் எழுதினேன்: 'மகள் கல்யாணத்துக்காக உங்களுக்குத் தன்மேல் கோபம் என்று அத்தை நினைக்கிறார்கள். அதனால்தான் நீங்கள் பேசுவதில்லையாம்.'

மாமா படித்தார். மறுபடி படித்தார். பிறகு உள்ளங்கையால் அந்த எழுத்தை அழித்துவிட்டு, சுவரில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் அழுவது தெரிந்தது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தம்பிகளா, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. என் வேலை பைப் வளைப்பது. அவர் குடும்ப விஷயத்தில் தலையிட நான் யார்? ஆனால் இந்தக் கார் நாளைக்கு மறுபடி இதே வளைவில் ஏறும், அத்தை இடது பக்கம் உட்கார்ந்திருப்பார்கள், எதிரில் பஸ் வரும். காரை நான் சரி செய்து கொடுத்துவிட்டேன், அதற்குமேல் எனக்கென்ன என்று இருக்க முடியவில்லை. கீழே இறங்கும்போது நான்தான் ஓட்டினேன். என் கடையில் நிறுத்தி, சாவியை எடுத்து ஆணியில் மாட்டினேன். அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்:

"அத்தைட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. சொல்லிட்டு வந்து சாவிய வாங்கிக்கங்க."

மாமாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். என் காரு, என் சாவி என்று சொன்னார். பிறகு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்று நாள். அந்தச் சாவி ஆணியில் தொங்கிய மூன்று நாளும் எனக்கு வேலை ஓடவில்லை. மலையில் காய் எடுக்கிற நேரம். ஒரு சுற்று தவறினால் காய் பழுத்து வெடித்துவிடும். அவர்கள் எப்படிப் போகிறார்களோ, ஜீப் பிடித்தார்களோ, போகவேயில்லையோ என்று ஓயாமல் நினைத்தேன். இரண்டு தடவை சாவியைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டினேன். இரண்டாம் நாள் அவர் தனியாக வந்து கேட்டிருந்தால் கொடுத்துத்தான் இருப்பேன். என்னைப் பெரிய நியாயஸ்தன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நாலாவது நாள் இருவரும் வந்தார்கள். நடந்து வந்தார்கள். அத்தை மாமாவின் முழங்கையைப் பிடித்திருந்தார்கள். என் எதிரில் வந்து கையை நீட்டினார்கள். சாவியைக் கொடுத்தேன். அத்தையின் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. முகத்தில் மட்டும் ஏதோ பாரம் இறக்கிவைத்த தெளிவு.

"காதுதானாம் தம்பி" என்றார்கள். "கோவம் இல்லையாம்."

மாமா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மலைக்குப் போக அன்றே ஒரு டிரைவரை ஏற்பாடு செய்துகொண்டார்கள். அத்தை மாமாவை மதுரைக்குக் காது டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். பல தடவை போய் வந்த பிறகு காதில் ஒரு மிஷின் வைத்துக் கொடுத்தார்கள். புரட்டாசி பிறந்த பிறகு ஒருநாள் இருவரும் காரில் என் கடைக்கு வந்தார்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டிக்கொள்ளலாம், மலைக்குக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மாமாவே ஓட்டி வந்திருந்தார்.

அவர் இறங்கியதும் நான் முதலில் செய்தது ஒன்று. ஜீப்புக்கு அடியிலிருந்து கத்தினேனே, அதை அவர் முகத்துக்கு நேராக, வார்த்தை மாறாமல் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் மாமா, உங்களுக்குக் கேட்கவில்லை என்று தெரியாது என்றேன்.

"நீ என்ன சொன்னன்னு தெரியாது மாப்ள. ஆனா என்னயத்தான் சொன்னன்னு தெரியும். எல்லாரும் சிரிச்சாகல்ல. அதான் நானும் சிரிச்சேன்" என்றார்.

அன்றிலிருந்து வண்டிக்கு அடியில் கிடந்தபடி யாருக்கும் நான் பதில் சொன்னதில்லை. வெளியே வந்து, முகத்தைப் பார்த்துத்தான் பேசுவேன். கோபம் எங்கும் போகவில்லை. ஆனால் உருண்டு வெளியே வந்து எழுந்து நிற்பதற்குள் அதில் பாதி தணிந்துவிடும். ட்ரையலுக்கும் முதலில் வண்டிக்காரரை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்காருவேன், பிறகுதான் நான் ஓட்டுவேன். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். பெட்டியில் வராத நம்பர் ஒன்றிரண்டு உங்களுக்குக் கிடைக்கும்.

அன்றைக்கு மாமா வந்த காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன். காரை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அதே பழைய அளவுப் பைப், நடுப் பெட்டி, கம்பெனி மாதிரி சைலன்சர். கடைவீதியில் போகும் மற்ற கார்கள் போடுகிற சத்தம்தான். மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டு காதருகே கையைக் கொண்டுபோனார்.

"சத்தத்தக் கொஞ்சம் கொறச்சு விடு மாப்ள. அவ பேசுறது கேக்கல."

இன்னொரு பெட்டி வைக்கலாம், ஆனால் இழுவை கொஞ்சம் குறையும் மாமா என்றேன்.

"கொறையட்டும்" என்றார்.

அன்று மதியத்துக்குள் வைத்துக் கொடுத்தேன். ட்ரையலுக்கு நான் போகவில்லை. மாமா ஓட்ட, அத்தை அந்த இடது பக்கத்தில் உட்கார்ந்து, கடை வாசலைத் தாண்டுவதற்குள் ஏதோ பேச ஆரம்பித்திருந்தார்கள்.